தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வழக்கமும்

மாணவர்களே, தோட்டத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏன் பாதியிலேயே படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்டால், ‘பெற்றோரின் அறியாமை, மூடநம்பிக்கை’ என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1923-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. துரைமார் பலர் பேருக்குத்தான் நடத்தினார்கள். லயத்தில் ஓர் அறை, இல்லாவிட்டால் ஒரு கொட்டகை. வாத்தியார் கிடைக்காத இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொல்வார்.

இனி வீட்டைப் பாருங்கள். விடியுமுன்பே அம்மா, அப்பா இரண்டு பேரும் பெரட்டுக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை ஆயா கொட்டகைக்குப் போகும். மற்ற தம்பி தங்கையை யார் பார்ப்பது? அக்காதான். வளர்ந்த பையன் ஒட்டுப்பால் பொறுக்கினால் நாலு காசு கூடும். இதைப் போய் மூடநம்பிக்கை என்பதா? கூலி போதவில்லை, அவ்வளவுதான். ஆனா, வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது வேறு கதை. அது குடும்ப மானம் பற்றிய எண்ணம். கூலி கூடியிருந்தாலும் அது உடனே மாறியிருக்காது என்பது என் கருத்து. விடையில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

சமயத்துக்கு வருவோம். மாரியம்மன் திருவிழா என்றால் வகுப்பு வெறிச்சோடும், உண்மைதான். சரசுவதி பூசைக்குப் புத்தகத்தை வைத்துக் கும்பிட்டதும், விசயதசமியில் பிள்ளைக்கு ஏடு தொடக்கியதும் அதே குடும்பங்கள்தான். 1929-இல் பெரியார் மலாயா வந்துபோன பிறகு, சீர்திருத்தக்காரர்கள் தீமிதியையும் அலகு குத்துவதையும் கண்டித்தார்கள்; பிள்ளைகளின் படிப்பை வற்புறுத்தினார்கள். கோயில்காரர்களுக்கு இது கசந்தது. ஆனாலும், அந்தச் சீர்திருத்த அணியைச் சேர்ந்த கோ. சாரங்கபாணி 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, தோட்டத் தொழிலாளர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். படிப்பின் அருமை தெரியாதவர்களா கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் பட்டணத்துப் பள்ளி, வேறு மொழி, நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பு. பஸ் காசு வேறு.

ஆசிரியர்களே, இதை வகுப்பில் வெறும் குறிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் எத்தனையாவது வரைக்கும் படித்தார்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.