பனியில் அகப்பட்ட தகைவிலான்கள்

ஆல்ப்ஸ் மலைச்சாரலில் சரத்காலம் ரமணீயமானது. மேய்ச்சல் முடிந்த பசுக்கள் கழுத்துமணி ஒலிக்க அடிவாரம் இறங்கும் காலம் அது. ஆனால் 1974-ஆம் ஆண்டில், இலைகள் உதிருமுன்பே வெண்பனி இறங்கி, சுவிட்சர்லாந்திலும் தென் ஜெர்மனியிலும் வாரக்கணக்கில் குளிரும் மழையுமாக நீடித்தபோது, ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டிருந்த தகைவிலான்கள் மலையைக் கடக்க வழியின்றி வடபுறத்திலேயே தங்கிவிட்டன.

அவற்றைக் கொன்றது குளிரைவிடப் பசியே என்று சொல்லவேண்டும். பறக்கும் பூச்சியன்றி வேறு ஆகாரமறியாத அப்பிராணிகளுக்கு, பூச்சிகள் ஒடுங்கிய ஆகாயம் வெறும் பாத்திரமாயிற்று. ஏறக்குறைய இருபது கிராமே எடையுள்ள உடல்கள் மாட்டுக்கொட்டகை உத்திரங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, உஷ்ணத்தைப் பகிர்ந்துகொண்டு, விடியுமுன் சில கீழே விழுந்தன.

கிராமத்தார் அவற்றைப் பொறுக்கியெடுத்து, துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் இட்டு, ரயிலிலும் மோட்டாரிலும் விமானத்திலும் ஏற்றி மலைக்குத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். இவ்வாறு கடந்தவை லட்சக்கணக்கானவை. சிறகுள்ள ஜீவனுக்கு மனிதன் பிரயாணச் சீட்டு வாங்கிய இவ்விசித்திரம் அன்று புதிதுமன்று. 1931-லேயே வியன்னா நகரத்தார் இத்தகைய சங்கடத்தில் தகைவிலான்களை விமானத்தில் வெனிஸுக்கு அனுப்பியிருந்தார்கள்.

விடுவிக்கப்பட்டவற்றுள் எத்தனை பிழைத்தன என்று எண்ண எவராலும் இயலவில்லை. அடுத்த வசந்தத்தில் பல ஊர்களின் தாழ்வாரங்களில் மண்கூடுகள் காலியாகவே கிடந்தன.