தரையை அறியாத கால்களின் வரலாறு

செயற்கைக் கால்களின் வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இத்தாலியின் காப்புவாவில் கிடைத்த, கி.மு. 300ஐ ஒட்டிய வெண்கலக் காலில் தொடங்கி, மரம், தோல், அலுமினியம், கார்பன் இழை என்று நகர்ந்து, 1997இல் ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் கொண்டுவந்த கணினி முழங்காலில் வந்து நிற்பார்கள். இதில் பிழையேதும் இல்லை; விடுபட்டது ஒன்று உண்டு. உள்ளங்கால் உடலைத் தாங்குகிறது. கூடவே, தரை சரிகிறதா, எடை குதிகாலில் இருக்கிறதா விரல்களுக்கு வந்துவிட்டதா என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருக்கிறது. காலை இழந்தவர் தூணோடு சேர்த்து இந்தச் செய்தியாளரையும் இழக்கிறார். இந்தத் தொழில் நெடுங்காலம் முதல் இழப்பை மட்டுமே ஈடுகட்டப் பார்த்தது. ஆனாலும் தரையின் உணர்வு உடலுக்கு வந்துசேர வழி திறந்தபோதெல்லாம், தெரிந்து திறந்தாலும் தெரியாமல் திறந்தாலும், செயற்கைக் கால் ஒரு படி முன்னேறியிருக்கிறது. தொடு உணர்வைத் திருப்பித் தரும் இன்றைய முயற்சிகளை அந்த வரிசையில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

1840களைப் பாருங்கள். பெர்லினில் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், தண்டுவட நோயால் கால்களின் உணர்வை இழந்தவர்கள் கண்ணை மூடினால் தள்ளாடி விழுவதைப் பதிவுசெய்தார். அவர்களுடைய தசைகளில் வலு இருந்தது. தரையைப் பற்றிய செய்திதான் வரவில்லை. நிற்பதற்கு வலிமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே பத்தாண்டில், 1846இல், அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பால்மர் செயற்கைக் காலுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே, வாட்டர்லூ போரில் கால் இழந்த ஆங்கிலேசி பிரபுவுக்கு லண்டனின் ஜேம்ஸ் பாட்ஸ் செய்த காலில், முழங்கால் அசைவைக் கணுக்காலுக்குக் கடத்தும் தசைநாண் போன்ற கயிறுகள் இருந்தன. அசைவைக் கீழே அனுப்பும் வழியை இந்தக் கைவினைஞர்கள் அருமையாகக் கண்டுபிடித்தார்கள். உணர்வை மேலே அனுப்பும் கேள்வி அவர்கள் பட்டறைக்குள் வரவேயில்லை. ரோம்பெர்க்கின் அறிவும் பால்மரின் கைத்திறனும் சந்திக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை, கால் இழந்தவர்கள் உள்ளங்காலின் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்து, குனிந்து தரையைப் பார்த்தே நடந்தார்கள். இருட்டும் கூட்டமும் அவர்களுக்கு ஆபத்தாயின.

இடைப்பட்ட காலத்தில் நடந்த நல்ல மாற்றங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. எஞ்சிய காலைப் பொதிந்துகொள்ளும் சாக்கெட்டை வாரும் பட்டையும் இல்லாமல் காற்றழுத்தத்தால் பிடித்துவைக்கும் முறைக்கு 1863இலேயே டுபாய் பார்மிலி காப்புரிமை வாங்கினார்; அது பரவலானதோ இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உருவான சாக்கெட், முழங்காலுக்குக் கீழே தோல் முழுவதையும் ஒட்டி அமர்ந்தது. 1990இல் சுவீடனில், தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியம் தண்டைப் பதித்துச் செயற்கைக் காலை அதில் பொருத்தினார்கள். இவற்றின் நோக்கம் பிடிமானமும் புண் வராமல் காப்பதும்தான். ஆனால் ஆட்டம் குறையக் குறைய, தரையின் அதிர்வும் அழுத்தமும் எஞ்சிய காலுக்குத் தெளிவாக வந்தன. எலும்பில் பொருத்திக்கொண்டவர்கள், மிதிக்கும் தரை எப்படிப்பட்டது என்பதை எலும்பு வழியாக உணர்வதாகச் சொன்னார்கள்.

இதை நேரடி நோக்கமாகவே எடுத்துக்கொண்டவர்களும் வந்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிராங்க் கிளிப்பிங்கர் குழு, செயற்கைக் காலில் விழும் விசைக்கேற்பத் தொடையிலுள்ள நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவியை உடலுக்குள் பதித்து, 1982இல் முடிவுகளை வெளியிட்டது. 2019இல் சூரிச் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, பாதத்திலும் முழங்காலிலும் வைத்த உணரிகளைத் தொடைக்குள் எஞ்சியிருந்த நரம்போடு இணைத்தது. முழங்காலுக்கு மேலே கால் இழந்த இருவர் மணலில் முன்பைவிட விரைவாக நடந்தார்கள், களைப்பு குறைந்தது, இல்லாத காலில் இருந்த வலியும் தணிந்தது. 2023இல் பிட்ஸ்பர்க் குழு தண்டுவடத்தைத் தூண்டி, முழங்காலுக்குக் கீழே கால் இழந்த மூவரிடம் பாத உணர்வை எழுப்பிச் சமநிலையில் முன்னேற்றம் கண்டது. இருவர், மூவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அறுதியிட்டுச் சொல்ல அது போதாது. ஆனாலும் இம்முடிவுகள் ரோம்பெர்க் கண்டதோடு ஒரே திசையில் நிற்கின்றன.

மறுப்புகளில் வலுவானது தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் சிதைவதற்கு உணர்விழப்பே முதற்காரணம் என்று காட்டியவர். பின்னர் அமெரிக்காவின் கார்வில்லில் அவர் செயற்கை வலி அமைப்பொன்றை உருவாக்க முயன்றார். அழுத்தம் மிகும்போது அது எச்சரித்தது. நோயாளிகளோ அதைப் பொருட்படுத்தவில்லை, அணைத்தும் வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் சைகை உடலின் சொந்த உணர்வாகாது என்பதற்கு இதையே சான்று காட்டலாம். ஆனால் பிராண்டின் கருவி, ஒருவர் செய்ய விரும்பும் வேலையை நிறுத்தச் சொன்னது. சமநிலைக்கான சைகை, அவர் செய்ய விரும்பும் நடைக்கே துணை நிற்கிறது. துணை நிற்கும் செய்தியை உடல் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. 1994இல் ஆய்வாளர்கள் ஜெகாவும் லாக்னரும், உடலைத் தாங்க முடியாத அளவு மெல்லிய விரல்நுனித் தொடுகையே நிற்பவரின் ஆட்டத்தைக் குறைப்பதைக் காட்டினார்கள். அந்தத் தொடுகை தந்தது தாங்கலை அல்ல, தகவலை.

இன்னொரு மறுப்பு பணம் பற்றியது. சாதாரணக் கால்கூடக் கிடைக்காதவர்கள் இருக்கும்போது நரம்பில் மின்முனை பதிப்பது ஆடம்பரம் அல்லவா? கேள்வி நியாயமானது. ஆனால் மலிவும் தரையின் மீதான அக்கறையும் ஒன்றுக்கொன்று பகையில்லை. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குத்துக்காலிட்டு உட்காரவும் இசைந்து வளையும் ரப்பர் பாதத்தை உருவாக்கினார்கள். இந்தியத் தரையில் வாழ்பவரின் தேவையிலிருந்து தொடங்கியதால்தான் அது குறைந்த செலவிலும் சிறந்தது. தொடு உணர்வுக்கும் அறுவை தேவைப்படாத வழிகள் உண்டு: பாதத்தின் அழுத்தத்தைத் தொடைத் தோலில் சிறு அதிர்வாக உணர்த்தலாம். அது இழந்த பாதத்தின் உணர்வு அல்ல. அதைப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். ஆயினும் தரையைப் பற்றிய செய்தியை அது கண்ணின் உதவியின்றியே கொண்டுசேர்க்கிறது. ஒரு செயற்கைக் காலை மதிப்பிடும் அளவுகோலில், எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு விரைவாக நடக்கவைக்கும் என்பவற்றோடு, கண்ணை மூடினாலும் நிற்கவைக்குமா என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். ரோம்பெர்க் அந்தச் சோதனையைத் தந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கால் செய்பவர்களும், அதற்குப் பணம் ஒதுக்கும் அரசுகளும் தரையின் உணர்வை இனியும் கூடுதல் வசதி என்று ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை.