என்ன குடி?



ஒருமுறை நிந்தவூர் வயல் வரம்பில் முதிய முஸ்லிம் விவசாயி ஒருவர், "சேர், நீங்க என்ன குடி?" என்று கேட்டார். நான் விழித்தேன். தமிழ் கற்பிக்கும் எனக்கு என் குடிப்பெயர் தெரியவில்லை. அவருக்கோ தமது குடி மட்டுமன்றி, அயலூரான காரைதீவுத் தமிழரின் குடிகளும் மனப்பாடம்.

திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள், முக்குவப் பெண்களை மணந்தார்கள் என்பது வழிவழிக் கதை. போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுள் சுமார் 4,000 பேரை, 1626இல் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது எழுதப்பட்ட வரலாறு. எவ்வாறாயினும் இரு சமூகத்தாரிடமும் ஒரே வழக்கம் வேரூன்றியது. குடி தாய்வழி வரும். ஒரே குடிக்குள் மணமில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனம். கோயிலிற் குடியின் சார்பில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர்.

1980களிலும் 1990களிலும் இரு பக்கத்து இரத்தமும் சிந்திய கரை இது. 2004 சுனாமியோ பக்கம் பார்க்காமலே வாரிச் சென்றது. இத்தனைக்கும் பிறகு அந்த முதியவர் என் இனத்தைக் கேட்கவில்லை, குடியைத்தான் கேட்டார்.

அன்றிரவு அம்மாவிடம் விசாரித்தேன். "இவ்வளவு காலமும் கேக்கல்லியே மனே" என்றுவிட்டுத்தான் பெயரைச் சொன்னார்.

நேயர்களே, நீங்களும் அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.