கம்பம் பள்ளத்தாக்கின் கம்பவுண்டர்கள்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் அரணாய் நிற்க, கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரையில் நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், பெரியாற்று அணையைப் பற்றியும் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வியாபாரத்தைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த அணை வேலையிலும் அந்த ஏலத் தோட்டங்களிலும் உழைத்து, குளிர்காய்ச்சல் கண்டு நடுங்கிய ஜனங்களுக்கு மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டரைப் பற்றி எழுதியவரோ அரிது.

இந்தப் பிரதேசத்தின் முதற்பகை காய்ச்சலே. பென்னி குவிக் துரையின் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் முடிவுற்ற அணை வேலைக்கு, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த சாமான்கள் இப்பள்ளத்தாக்கின் வழியாகத்தான் மலையேறின. அவற்றோடு ஆயிரக்கணக்கான கூலியாட்களும் ஏறினார்கள். ஏறியவர்களில் பலரை மலைக்காய்ச்சலும் காலராவும் கொண்டு போயின. அணைக்கு அருகே உள்ள கல்லறைகள் அதற்கு இன்றும் சாட்சி. அணை நீரால் செழித்த பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள், கூலியோடு காய்ச்சலையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அக்காலத்தில் இதற்கு மருந்து கொய்னா ஒன்றுதான். நீலகிரியில் 1860-இல் அரசாங்கம் சிங்கோனா மரங்களை நட்டதும், பின்னர் நடுவட்டத்தில் அவற்றின் பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் தொழிற்சாலை எழுந்ததும் நம் நாட்டு வைத்திய சரித்திரத்தில் சிறிய சம்பவங்கள் அல்ல. ஆயினும் மருந்து தயாராகிவிட்டால் மட்டும் போதுமா? அதை நோயாளி விழுங்கத்தக்க வடிவில், தக்க அளவில் கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும். தாலுகா போர்டு, ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிகளிலும், டாக்டர்களின் சொந்த வைத்தியசாலைகளிலும், மலைத்தோட்டத்து மருந்தகங்களிலும் அந்த ஒருவராய் இருந்தவர் கம்பவுண்டர்.

அவர் செய்த வேலையின் நுட்பம் இன்றைய தலைமுறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொய்னா உப்பு வெறுந் தண்ணீரில் எளிதில் கரையாது. நீர்த்த கந்தகத் திராவகம் சில துளிகள் விட்டால்தான் கரைந்து தெளியும். வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கும் சோடா உப்பைப் போன்ற காரச் சரக்கு எதையேனும் அதே குப்பியில் அறியாமல் சேர்த்துவிட்டால், கரைந்த கொய்னா மறுபடியும் பிரிந்து அடியில் படிந்துவிடும்; குலுக்காமல் குடிக்கும் நோயாளிக்கு முதல் வேளைகளில் வெறும் தண்ணீரும் கடைசி வேளையில் மிதமிஞ்சிய மருந்தும் போய்ச் சேரும். எட்டிக் கொட்டையின் சத்தாகிய ஸ்ட்ரிக்னைன் கலந்த மருந்தில் இதே பிழை நேர்ந்தால், அந்தக் கடைசி வேளையே உயிரைக் குடித்துவிடும். 60 கிரெயின் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ் என்ற கணக்கையும், டாக்டர் சீட்டில் கிறுக்கிய லத்தீன் சுருக்கெழுத்துகளையும், எதனோடு எது சேராது என்ற விவரத்தையும் மனப்பாடமாய் வைத்திருந்தவர்களில் பலர், கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர்.

கலக்கி முடித்தவுடன் வேலை முடிந்துவிடாது. நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பியில் மருந்தை ஊற்றியபின், காகிதப் பட்டை ஒன்றை எடுத்து, எத்தனை வேளையோ அத்தனை மடிப்பாக மடித்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிப் பிரிப்பார். பட்டையில் ஒரே அளவான படிகள் விழுந்திருக்கும். பசை தடவி அதைக் குப்பியின் மேல் நெடுக ஒட்டிவிட்டால், எழுத்தறியாத பாட்டியும் ஒரு வேளைக்கு ஒரு படி என்று பிசகாமல் குடிப்பாள். வைத்திய சாஸ்திரம் முழுவதும் அந்த வெட்டுக் காகிதத்தின் வழியாகத்தான் ஏழை ஜனங்களின் குடிசைக்குள் நுழைந்தது என்று சொன்னால் மிகையாகாது என்பது என் அபிப்பிராயம். பொடியானால் கல்வத்தில் அரைத்துச் சமபங்காகப் பிரித்துப் பொட்டலம் கட்டுவதும், புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதும் அவர் பொறுப்பே. டாக்டர் இல்லாத வேளையில் தாமே வைத்தியம் பார்க்கத் துணிந்த கம்பவுண்டர்களும் உண்டு. அதனால் விளைந்த தீமையை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மைல் கணக்காக நடந்தால்தான் டாக்டரின் முகத்தைப் பார்க்கலாம் என்ற நிலைமையில், ஜனங்கள் அவரை நாடியதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இவர்களைத் தாமதமாகவே கண்டுகொண்டது. மருந்துத் தொழிலின் சீர்கேட்டை ஆராய கர்னல் சோப்ரா தலைமையில் 1930-இல் அமைந்த கமிட்டி, மருந்து கலப்பவருக்கு முறையான கல்வி அவசியம் என்று எடுத்துரைத்தது. மருந்துகளின் தரத்தைக் காக்க 1940-இல் ஒரு சட்டம் வந்தது; கலப்பவரின் தகுதியை நிர்ணயிக்கும் பார்மஸி சட்டம், சுதந்திரத்திற்குப் பின் 1948-இல்தான் வந்தது. பட்டம் பெற்றவர்களோடு, ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்த அனுபவமுள்ளவர்களும் முதற் பதிவேட்டில் இடம் பெறலாம் என்று அச்சட்டம் விதித்தது. கையால் கற்ற வித்தையையும் வித்தையென்று ஒப்புக்கொண்ட அந்த விதியை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆனால் அங்கீகாரம் வந்தபோதே தொழில் தேயத் தொடங்கிவிட்டது. ஸல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தன. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டத்தின் டி.டி.டி. தெளிப்பால் குளிர்காய்ச்சல் ஒடுங்கியது. கம்பெனிகளிலிருந்து மாத்திரைகள் அட்டையில் அடைபட்டு வந்து சேர்ந்தன. கிரெயினும் டிராமும் போய் மில்லிகிராம் வந்தது. கல்வம் பரணுக்கு ஏறியது.

தேனி தனி மாவட்டமாகி, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்துள்ள இந்நாளில், கம்பத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் மெடிக்கல் ஷாப் கல்லாவுக்குப் பின்னால் நின்று சீட்டைப் படித்து மருந்தெடுத்துத் தரும் பிள்ளைகளே அந்தக் கம்பவுண்டர்களின் வாரிசுகள். பதிவு பெற்ற பார்மஸிஸ்ட்டின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே அவர்கள் மருந்து கொடுக்கலாம் என்பது சட்டம். அது நோயாளியின் க்ஷேமத்திற்காக ஏற்பட்டது, அதைத் தளர்த்தச் சொல்வது என் நோக்கமன்று. பல ஆண்டுகள் அக்கல்லாவில் நின்று பழகியவர்களுக்கு, வேலையை விடாமலே படித்துத் தேறி பார்மஸிஸ்ட்டாகப் பதிவு பெறும்படி, மாலை வகுப்புகளையாவது அரசாங்கம் இந்த மாவட்டத்தில் ஏற்படுத்தித் தர வேண்டும்; மருந்துக்கடை முதலாளிகளும் அதற்கு வேண்டிய நேரத்தைத் தம் உதவியாளர்களுக்கு மனமுவந்து அளிக்க வேண்டும்.