விண்மீன் அளந்த நீர்

நாகரிகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆற்றங்கரையிலிருந்தே தொடங்குவர். நைல், யூப்ரட்டீஸ், சிந்து என்று அவ்வரிசை செல்லும். ஆறில்லாத நாடுகளுக்கும் வேளாண்மையும் ஊரும் வரலாறும் உண்டு என்பது அவ்வரிசையில் மறைந்துவிடுகிறது. அரபுத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஓமன் அத்தகையதொரு நாடு. அங்கு வற்றாத பேராறு எதுவும் இல்லை. நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்ந்து, காட்டாறுகளின் வழியே ஓடி மணலில் மறைந்துவிடும். இருந்தும் ஹஜர் மலையடிவாரத்தில் பேரீச்சந்தோப்புகள் நூற்றாண்டுகளாகத் தழைத்து நிற்கின்றன. அவற்றை வாழவைத்தது ‘ஃபலஜ்’ என்னும் கால்வாய் முறையாகும்.

ஃபலஜ் என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் பிளத்தல், பங்கிடுதல் என்பதாம். சொல்லே பொருளை உணர்த்திவிடுகிறது. நீரைக் கொணர்வது பாதிப் பணி. பங்கிடுவதே மீதிப் பணி.

ஊற்றுநீரைக் கொணர்வது, காட்டாற்றின் நீரைத் திருப்புவது, நிலத்தடி நீரைச் சுரங்கம் வழியே வெளிக்கொணர்வது என ஃபலஜ் மூவகைப்படும். மூன்றாவது வகைக்குத் ‘தாவூதி’ என்று பெயர். தாவீதின் மைந்தராகிய சுலைமான் ஓமனுக்கு வந்தபோது பூதகணங்களை ஏவி இவற்றைத் தோண்டுவித்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. தோண்டியவை மனிதக் கைகளே. மலையடியில் நீருள்ள ஆழம்வரை தாய்க்கிணறு ஒன்று தோண்டப்படும். அங்கிருந்து மிக மெல்லிய சரிவில், சில இடங்களில் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் சுரங்கம் செல்லும். மண்ணை அள்ளவும் காற்றுப் புகவும் இடையிடையே குழிகள் இருக்கும். சரிவு மிகுந்தால் நீர் சுவரை அரிக்கும், குறைந்தால் தேங்கும். ஏற்றமும் இல்லை, எந்திரமும் இல்லை; நீர் தன் எடையாலேயே ஊரை வந்தடையும். காட்டாறு குறுக்கிட்டால் அதன் அடியே நீரை இறக்கி, மறுகரையில் மேலெழச் செய்யும் நுட்பத்தையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

ஊரை எட்டிய நீருக்கு ஒழுங்கான வரிசை உண்டு. வெளிப்படும் முதலிடத்தில் குடிநீர் முகந்துகொள்ளலாம். அது அனைவர்க்கும் பொது. அதன்பின் பள்ளிவாசல், குளிக்குமிடம், அதன்பின்னரே தோப்பு. தோப்பிலும் பேரீச்சை முதலில்; பருவப் பயிர் விளையும் வயல்கள் கடைமடையில் அமையும். வறண்ட ஆண்டுகளில் கடைமடை வயல்கள் தரிசாக விடப்படும். நெடுங்காலம் வாழும் மரங்கள் காக்கப்படும். பஞ்சம் வருமென்று முன்னரே எண்ணி வகுத்த ஏற்பாடு இது.

தோப்பில் நீரைப் பங்கிட்டது அளவால் அன்று, காலத்தால். ‘அதர்’ என்பது ஏறத்தாழ அரைமணி நேரப் பாய்ச்சல். பகலுக்கு 24, இரவுக்கு 24 எனப் பல ஊர்களில் கணக்கிட்டனர். பகலில் நட்ட கம்பத்தின் நிழல் தரையிலுள்ள அடையாளக் கற்களைத் தொடும்போது முறை மாறும். இரவில் குறிப்பிட்ட விண்மீன் ஒன்று மலைமுகட்டிலோ சுவர்விளிம்பிலோ எழுவதையோ மறைவதையோ கண்டு அடுத்தவர் தம் வாய்க்காலைத் திறப்பார். அந்த விண்மீன்களுக்கு உழவர் இட்ட பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. வானநூல் ஏடுகளில் காணாத பெயர்களும் அவற்றுள் உண்டு.

இம்முறையைக் காக்க ஊரார் அமைப்பொன்றை ஏற்படுத்தினர். தலைமை தாங்கும் ‘வக்கீல்’, முறைகளை மேற்பார்க்கும் ‘அரீஃப்’, கணக்கைக் காக்கும் ‘காபித்’, ஏலம் கூறும் ‘தல்லால்’ ஆகியோர் அதில் இருந்தனர். நீர்ப்பங்கு நிலத்தினின்றும் தனித்த உடைமை. அதனை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், மரபுரிமையாகப் பெறலாம். சில பங்குகள் ஃபலஜின் பெயரிலேயே நின்றன. அவற்றை ஏலமிட்டு வந்த பொருளால் சுரங்கம் செப்பனிடப்பட்டது. தன்னைக் காக்கும் செலவை நீரே ஈட்டிக்கொண்டது எனலாம்.

இவ்வேற்பாடு மன்னர்களின் எழுச்சி வீழ்ச்சிகளைக் கடந்து நின்றது. 17-ஆம் நூற்றாண்டில் யஅரூபி மரபினர் பல கால்வாய்களைப் புதுப்பித்தனர். ஆயினும் நாள்தோறும் அவற்றை இயக்கியவர் ஊராரே. இதனை அசைத்தது 1970-க்குப் பின் பெருகிய நீரிறைக்கும் எந்திரமாகும். ஃபலஜ் தானாக ஊறும் நீரை மட்டுமே எடுக்கும். எந்திரமோ உரிமையாளரின் விருப்பம் வரை எடுக்கும். நீர்மட்டம் தாழவே சில சுரங்கங்கள் வறண்டன. பாத்தினாக் கடற்கரைச் சமவெளியில் மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து தோட்டங்களைக் கெடுத்தது. 1988-இல் அரசாணை ஒன்று நீரை நாட்டின் பொதுச் செல்வம் என அறிவித்தது. தாய்க்கிணற்றின் அருகே புதுக்கிணறு தோண்டவும் தடை வந்தது. 1997-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் 4,112 ஃபலஜ்கள் பதிவாயின. அவற்றுள் 3,017-இல் நீர் ஓடியது.

நிஸ்வாவின் தாரிஸ், இஸ்கியின் மல்கி உள்ளிட்ட ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பெரும்பாலான ஊர்களில் விண்மீனின் இடத்தைக் கைக்கடிகாரம் பிடித்துவிட்டது. சில ஊர்களில் மட்டும் வானம் பார்த்து நீர் மாற்றும் வழக்கம் எஞ்சியிருந்ததை ஹாரியட் நாஷ் தம் 2011-ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தார்.

கடிகாரம் வந்ததால் ஃபலஜ் அழிந்துவிடவில்லை. அளக்கும் கருவி மாறினும் முறை நின்றது. தன் முறைக்குக் காத்திருக்க வேண்டாத கிணறு வந்தபோதே அது தளர்ந்தது. இடிந்த சுரங்கத்தைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மீண்டும் எழுப்பிவிடலாம். நள்ளிரவில் விண்மீன் மறையும் வரை காத்திருந்து, மறைந்த கணமே தன் மடையை அடைத்து அடுத்தவர்க்கு நீரை விட்டவரின் ஒழுக்கம் அவ்வாறு எழுப்பக்கூடியதன்று. ஆறில்லா நாட்டில் ஆறாக ஓடியது அவ்வொழுக்கமே.