ஜார்ஜ் பிரிட்ஜ்டவர்: அட்டையில் இல்லாத பெயர்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் வயலின் பயில்கிறவர்கள் என்றாவது ஒருநாள் ‘க்ரூட்ஸர் சொனாட்டா’ முன்னால் வந்து நிற்பார்கள். பீத்தோவன் 1803இல் எழுதிய படைப்பு அது. வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிப்பது. டால்ஸ்டாய் இதே பெயரில் ஒரு குறுநாவல் எழுதியதால், இசைப் பழக்கம் இல்லாத நம்மில் பலருக்கும் பெயர் மட்டுமாவது தெரிந்திருக்கும். ரொடால்ஃப் க்ரூட்ஸர் பாரிசில் புகழ்பெற்ற வயலின் கலைஞர். அந்தச் சொனாட்டா யாருக்குப் புரியவில்லை என்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும். அதைத் தலைகால் புரியாத படைப்பாக அவர் கருதினார் என்று இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் அது யாருக்காக எழுதப்பட்டது? யார் முதலில் வாசித்தார்? இரண்டுக்கும் ஒரே விடைதான். ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். கறுப்பினத் தந்தைக்கும் ஐரோப்பியத் தாய்க்கும் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24. ஐரோப்பிய மேடைகளில் மளமளவென்று பெயரெடுத்துக்கொண்டிருந்த தனி வயலின் கலைஞர்.

1778இல் இன்றைய போலந்தில் உள்ள பியாலா என்ற ஊரில் பிறந்தார். தந்தை கரீபியக் கடலின் பார்படோஸ் தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று சொல்லப்படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களின் உழைப்பில் பிரிட்டன் சர்க்கரை விளைவித்த தீவு அது. அதன் தலைநகரம் பிரிட்ஜ்டவுன். குடும்பத்தின் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். தந்தை பிரபுக்களின் வீடுகளில் பணியாளாக இருந்தவர். எஸ்டர்ஹாசி இளவரசரின் அரண்மனையிலும் வேலை பார்த்தார். அந்த அரண்மனையின் இசைத் தலைவர் ஜோசஃப் ஹைடன். பின்னாளில் சிறுவனை ‘ஹைடனின் மாணவன்’ என்று விளம்பரம் செய்தது அதனால்தான்.

1789 ஏப்ரலில், பத்து வயதில், பாரிசின் மிகப் பெரிய கச்சேரி மேடையில் அவரது அரங்கேற்றம் நடந்தது. இன்னும் மூன்று மாதத்தில் பாஸ்தில் சிறை தகர்க்கப்படப் போகிற நகரம். அந்த நகரத்துக்குக் கறுப்பின வயலின் கலைஞர் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குவாதலூப் தீவில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிக்கும் பிறந்த ஜோசஃப் போலோன், அதாவது செவாலியே த சென்-ஜார்ஜ், அங்கே பெரிய இசைக்குழுக்களை நடத்தியவர். ஹைடனின் ‘பாரிஸ் சிம்பொனி’கள் ஆறும் அவர் தலைமை தாங்கிய குழுவுக்காக எழுதப்பட்டவை. ஆனால் 1776இல் பாரிஸ் ஓபராவின் தலைமைப் பொறுப்புக்கு அவர் பெயர் வந்தபோது, அங்கிருந்த பாடகிகளும் நடனக் கலைஞர்களும் அரசிக்கு மனு எழுதினார்கள். கலப்பினத்தவர் ஒருவரின் கட்டளைக்கு எங்களால் கீழ்ப்படிய முடியாது என்பதுதான் மனுவின் சாரம். பதவி கிடைக்கவில்லை. இன்றும் அவரைக் ‘கறுப்பு மொசார்ட்’ என்று பாராட்டுகிறார்கள். அவர் மொசார்ட்டைவிட 10 வயது மூத்தவர்!

பாரிசிலிருந்து தந்தையும் மகனும் இங்கிலாந்துக்குப் போனார்கள். வின்ட்சரில் அரச குடும்பத்தின் முன்னிலையிலும், பாத் நகரிலும், லண்டனிலும் சிறுவன் வாசித்தான். தந்தை துருக்கிய உடை அணிந்து தன்னை ‘ஆப்பிரிக்க இளவரசர்’ என்று சொல்லிக்கொண்டு மகனை அழைத்துப் போனார். அவரை ஊதாரி, ஏமாற்றுக்காரர் என்றுதான் அந்தக் காலத்துக் குறிப்புகள் பேசுகின்றன. மகன் சம்பாதித்ததை அவர் செலவழித்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இளவரசர் வேடம் போட்டால்தான் ஒரு கறுப்பருக்கு வரவேற்பறைக் கதவு திறக்கும் என்ற நிலையை உண்டாக்கியவர்களைப் பற்றி அந்தக் குறிப்புகள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடைசியில் வேல்ஸ் இளவரசர் சிறுவனைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் அவர். தந்தை நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்.

இளவரசர் நல்ல ஆசிரியர்களை அமர்த்தினார். தன் சொந்த இசைக்குழுவில் முதல் வயலினாக வைத்துக்கொண்டார். இந்த ஆதரவு இல்லாமல் பிரிட்ஜ்டவர் வளர்ந்திருக்க முடியாது. ஆனால் அதே 1791இல், அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தோற்கடித்தது. சில ஆண்டுகள் கழித்து, அந்த வணிகத்தைத் தக்கவைக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபையில் நீளமாகப் பேசியவர்களில் ஒருவர் இதே இளவரசரின் சொந்தத் தம்பி. மாலையில் அரண்மனையில் வயலின் கேட்ட குடும்பம்தான் அது. ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து உட்கார வைப்பதற்கும் கதவைத் திறந்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா என்ன?

1802இல் விடுப்பு எடுத்துக்கொண்டு, டிரெஸ்டன் நகரில் இருந்த தாயைப் பார்க்கக் கிளம்பினார். அங்கே கச்சேரிகள் செய்தார். 1803 வசந்தத்தில் வியன்னாவுக்கு வந்தார்.

வியன்னாவில் அந்த ஆண்டு ஒரு கண்காட்சி இருந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஏஞ்சலோ சோலிமான் என்றொருவர். ஆப்பிரிக்காவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அடிமையாகப் பிடிக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி வியன்னாவுக்கு வந்து சேர்ந்தவர். பல மொழிகள் கற்றார். லிக்டன்ஸ்டைன் இளவரசரின் வீட்டில் பொறுப்பான பணியில் இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி கற்பித்தார். நகரத்தின் அறிவாளிகள் கூடும் ஃப்ரீமேசன் சங்கத்தில் மதிப்புமிக்க உறுப்பினர். ‘அறிவொளிக் காலத்து வியன்னாவின் பண்பட்ட மனிதர்’ என்று சொல்வதற்கு என்னென்ன தகுதி வேண்டுமோ அத்தனையும் அவரிடம் இருந்தன. 1796இல் இறந்தார். இறந்ததும் அவர் உடலின் தோலை உரித்து, உள்ளே அடைத்து, இறகும் பாசிமணியும் அணிவித்து, ‘காட்டு மனிதன்’ போல ஜோடித்து, பேரரசரின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பில் விலங்குகளோடு காட்சிக்கு வைத்தார்கள். அவருடைய மகள் ஜோசஃபின், தந்தையின் உடலைத் தந்தால் அடக்கம் செய்துகொள்கிறேன் என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. 1848 கிளர்ச்சியின்போது எரிந்துபோகும்வரை அந்த உடல் அவர்களிடமே இருந்தது.

இந்த நகரத்துக்குத்தான் 24 வயது பிரிட்ஜ்டவர் வயலினோடு வந்து இறங்கினார். அந்தக் கண்காட்சியை அவர் பார்த்தாரா என்பதல்ல கேள்வி. அவர் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

லிக்னாவ்ஸ்கி இளவரசர் வழியாக பீத்தோவனின் அறிமுகம் கிடைத்தது. இருவருக்கும் உடனே ஒத்துப்போனது. அவரைத் தேர்ந்த கலைஞர் என்று பாராட்டி பீத்தோவன் ஒரு பிரபுவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பிரிட்ஜ்டவரின் கச்சேரிக்காகவே ஒரு புதிய சொனாட்டாவை எழுதவும் தொடங்கினார். நேரம் போதவில்லை. கடைசிப் பகுதிக்கு, வேறொரு சொனாட்டாவுக்காக முந்தைய ஆண்டு எழுதிப் பயன்படுத்தாமல் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டார். கச்சேரி நாளன்று விடிகாலை நாலரை மணிக்கு மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸை எழுப்பி, முதல் பகுதியின் வயலின் பாகத்தைப் படி எடுக்கச் சொன்னார். இரண்டாம் பகுதியைப் படியெடுக்க நேரமே இல்லை. பீத்தோவனின் கிறுக்கலான கைப்பிரதியைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் அதை வாசிக்க வேண்டியிருந்தது.

1803 மே 24, காலை 8 மணி, அவ்கார்ட்டன் பூங்காவின் அரங்கம். பியானோவில் பீத்தோவன். முதல் பகுதியில் பியானோ மட்டும் தனியாக மேலே ஏறி இறங்கும் ஓர் இடம் வருகிறது. பகுதி திரும்ப வாசிக்கப்பட்டபோது, தாளில் இல்லாத ஒன்றைப் பிரிட்ஜ்டவர் செய்தார். பியானோவின் அந்த ஓட்டத்தை அப்படியே வயலினில் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பீத்தோவன் துள்ளி எழுந்து அவரைக் கட்டியணைத்து, இன்னொரு முறை என்று கேட்டார். இதை நமக்குச் சொல்லியிருப்பவர் பிரிட்ஜ்டவரே, தன் பிரதியில் எழுதி வைத்த குறிப்பில். தன் எழுத்தில் ஒரு சுரம் கூடினாலும் சீறுகிறவர் என்று பெயரெடுத்த பீத்தோவன் இப்படி நடந்துகொண்டார் என்பது அந்த வாசிப்பின் தரத்துக்குப் போதுமான சாட்சி. அவர் தன் இசைக்கவையையும் பிரிட்ஜ்டவருக்குக் கொடுத்தார். அது இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கைப்பிரதியில் பீத்தோவன் முதலில் எழுதிய சமர்ப்பணம் ‘முலாட்டோ’ பிரிட்ஜ்டவருக்கு, பெரிய பைத்தியக்காரருக்கு என்று இத்தாலிய மொழியில் கேலியாக ஓடுகிறது. நண்பர்களுக்குள் நடந்த விளையாட்டுதான். பீத்தோவன் எல்லோரையும் இப்படிச் சீண்டுபவர்தான். ஆனாலும் அந்தச் சொல் கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பைத்தியக்காரர் என்று யாரையும் சொல்லலாம். இதை யாரை மட்டும் சொல்ல முடியும்? பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் சொல் என்ன வேலை செய்யும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1805இல் சொனாட்டா அச்சானபோது சமர்ப்பணம் க்ரூட்ஸருக்குப் போயிருந்தது. ஒரு பெண்ணைப் பற்றி பிரிட்ஜ்டவர் ஏதோ சொன்னதால் இருவருக்கும் சண்டை வந்தது என்று ஒரு கதை உண்டு. வயதான பிரிட்ஜ்டவர் சொல்லக் கேட்டதாக இன்னொரு வயலின் கலைஞர் 1858இல் வெளியிட்டது. அந்தச் சமயத்தில் பீத்தோவன் பாரிசுக்குக் குடிபெயரத் திட்டமிட்டிருந்தார், அங்கே செல்வாக்குள்ள ஒருவரின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது என்ற காரணமும் இருக்கிறது. நமக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது. லண்டன் இளவரசரின் இசைக்குழுவில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பின இளைஞனால் பாரிசில் எந்தக் கதவையும் திறந்துவிட முடியாது. பீத்தோவன் இனவெறியில் பெயரை அடித்தார் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டாம். வெறுப்பே இல்லாமலும் ஒரு பெயர் அட்டையிலிருந்து நழுவிப் போகும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இன்று பிரிட்ஜ்டவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சண்டையோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஒரு வாக்குவாதத்தில் எல்லாவற்றையும் தொலைத்த பாவப்பட்ட மனிதர் என்ற படம் அப்படித்தான் உருவாகிறது. அந்தப் படம் பொய். அதற்குப் பிறகு அவர் 56 ஆண்டுகள் வாழ்ந்தார். 1807இல் அரச இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். 1811இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இசையில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பியானோ பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். 1813இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கம் தொடங்கியபோது அதன் கச்சேரிகளில் வாசித்தார். கற்பித்தார், பாட்டு எழுதினார், திருமணம் செய்தார், இத்தாலியிலும் பிரான்சிலும் வாழ்ந்தார். 1860 பிப்ரவரி 29 அன்று லண்டனின் பெக்கம் பகுதியில் இறந்தார். கென்சல் கிரீன் கல்லறையில் புதைக்கப்பட்டார்.

இந்த 56 ஆண்டுகளைப் பற்றி, அந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதியதில் பாதிகூட யாரும் எழுதவில்லை. நம்மவர்களின் வரலாற்றைத் தேடும்போதும் இதே குழியில்தான் விழுகிறோம். அவமானப்பட்ட நாள் தேதியோடு கிடைக்கிறது. வேலை செய்த வருடங்கள் கிடைப்பதில்லை. 2009இல் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ரீட்டா டவ், பிரிட்ஜ்டவரின் வாழ்க்கையை ஒரு முழுக் கவிதைத் தொகுப்பாக எழுதினார். படிக்க முடிந்தவர்கள் தேடிப் படியுங்கள்.

சொனாட்டாவை இணையத்தில் சுலபமாகக் கேட்கலாம். பியானோவுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் நான்கு தாளக்கட்டுகளில் பியானோ இல்லை. வயலின் மட்டும் தனியாக நின்று, ஒரே நேரத்தில் பல தந்திகளில் வில்லைப் போட்டு இழுக்கிறது. பீத்தோவன் எழுதிய பத்து வயலின் சொனாட்டாக்களில் வேறு எதுவும் இப்படித் தொடங்குவதில்லை. அன்று காலை அதை வாசிக்கப் போகிற கைகள் யாருடையவை என்று தெரிந்துதான் அவர் அப்படி எழுதினார்.