தளிச்சேரிக் கணக்கு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒருவரைப் புதிதாகச் சேர்ப்பது என்பது அடிப்படையில் ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதே. 'ஈடிசி பாஸ்வேர்ட்' எனப்படும் கோப்பில் அவ்வரி ஏழு புலங்களாக அமையும்: பயனர் பெயர், கடவுச்சொல்லுக்குரிய இடம், பயனர் எண், குழு எண், அவரைப் பற்றிய குறிப்பு, இல்ல அடைவு, உள்ளே வந்ததும் அவருக்காக இயங்கவேண்டிய ஷெல். இன்று ஒற்றைக் கட்டளை இவ்வளவையும் முடித்துவிடுகிறது. கையால் செய்து பார்த்தவர்களுக்கே வரி மட்டும் போதாது என்பது தெரியும். இல்லத்தைத் தனியே அமைக்கவேண்டும். அமைத்தபின் அதன் உடைமையைப் புதியவருக்கு மாற்றித் தரவேண்டும். மாற்ற மறந்தால் வீடு நிர்வாகியின் பேரிலேயே நிற்கும். வந்தவர் தம் வீட்டில் ஒரு கோப்பைக்கூட எழுதிவைக்க இயலாது.

இத்தகைய பதிவேடு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டு, சோழ மண்டலத்துப் பிற கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பதிகிறது. எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா, முன்பு எந்த ஊரில் எந்தக் கோயில், பெயர், பங்கு ஒன்று. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அளப்பது இராஜகேசரிக்கு இணையான ஆடவல்லான் என்னும் மரக்காலால். வீடும் நெல்லும் அளவைக் கருவியும் சேர்ந்தே பதிவாகின்றன. காவிரி நாட்டில் நெல் இல்லாத பதிவு வெறும் பெயர்தானே!

எனினும் என்னை மிகவும் நிறுத்திய பகுதி பெயர்ப் பட்டியலுக்கு அப்பால் வருவது. பங்கு பெற்றவர் இறந்தாலோ, 'அநாதேசம்' போனாலோ, அதாவது வேற்றூர் சென்றுவிட்டாலோ, அடுத்த உரிமையாளர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்திச் செய்விக்கவேண்டும். உரிமையாளரே இல்லையெனில் தகுதியுடையோரிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும்.

யூனிக்ஸின் பதிவேட்டில் இந்த ஏற்பாடு இல்லை. கோப்பின் உடைமையாளராக அது குறித்துவைப்பது பெயரையன்று, எண்ணை. வரியை அழித்துவிட்டால் ஒருவர் விட்டுச்சென்ற கோப்புகள் வெற்றெண்ணின் பேரில் அநாதையாகக் கிடக்கும். பின்னொருநாள் நிர்வாகி கவனமின்றி அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தால், அவை சத்தமின்றிப் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். தலைமாறு நிகழ்ந்ததை எவரும் அறியமாட்டார். பழைய எண்ணை மறுபடி வழங்காதிருப்பது நிர்வாகியின் பொறுப்பு.

இதைக் கொண்டு சோழர் ஆட்சியின் பெருமையை மட்டும் பேசிவிட மனம் ஒப்பவில்லை. யூனிக்ஸில் கணக்கு கேட்பவர் பெரும்பாலும் தாமாக விரும்பிக் கேட்கிறார். திருவையாற்றிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் பழையாறையிலும் இருந்து வந்த இப்பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதற்குக் கல்வெட்டில் ஒரு புலம் இல்லை. எல்லார் பெயர்க்கும் முன்னே 'நக்கன்' என்ற ஒரே அடைமொழி. ஒரே பெயருடையவர்கள் பலர். அவர்களைப் பிரித்தறிய வீட்டின் வரிசையோடு எஞ்சி நிற்பது, விட்டுவந்த ஊரின் பெயரும் அங்கிருந்த கோயிலின் பெயரும்.